பைத்தியம் தெளிந்த மாமா

2025 நவம்பர் 30, கார்த்திகை ஞாயிறு. வருஷமெல்லாம் யோகத்தில் இருக்கும் நரசிம்மர் இந்த ஒரு மாதம்தான் கண் திறந்து பார்ப்பார் என்பது ஐதீகம். அதனால் சோளிங்கர் பெரிய மலை அடிவாரத்தில் எள் போட்டால் எள் விழாது. ரோப் கார் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் தோலைத் தரம் பிரிக்கும் அசார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அவருடைய அக்கா மகன். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, நெற்றியில் நாமம், உடம்பில் ஏழாம் நம்பர் மஞ்சள் பனியன். வரிசை நகரவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும் வழியில்லை.

மாப்பிள்ளை: மாமா, போனைக் குடுங்க. ராஞ்சியில ஒன்டே நடக்குது. என்னுதுல சார்ஜ் போச்சு.

மாமா: இது பட்டன் போனுடா. கரண்ட் பில்லு மெசேஜ் வரும், உங்க அத்தை வரும். ஸ்கோர் வராது.

மாப்பிள்ளை: இன்னா மாமா இப்படி ஆயிட்டீங்க! போன புதன்கிழமை குவாஹாட்டியில தென்னாப்பிரிக்காகிட்ட 408 ரன்ல தோத்தோமே, அதாவது தெரியுமா?

மாமா: தெரியும். பக்கோடா மடிச்ச பேப்பர்ல இருந்துது. எண்ணெய் பட்ட எடத்துல 408 மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. எதோ ரயில் நம்பருன்னு நெனச்சேன்.

மாப்பிள்ளை: சொந்த மண்ணுல இந்தியா இப்படி அடி வாங்குது, உங்களுக்கு வயிறு எரியலையா? சச்சின் அவுட்டானா ரெண்டு நாள் சோறு திங்க மாட்டீங்கன்னு அம்மா சொல்லுது.

மாமா: உங்க அம்மா சொல்றது சுத்தப் பொய். ஒரு வேளைதான். ராத்திரி தின்னுடுவேன்.

மாப்பிள்ளை: அப்பேர்ப்பட்ட பைத்தியம்!

மாமா: எந்த ஊர்ல நின்னுக்கினு பேசுற? சின்ன மலைக்குக் கீழ தக்கான் குளத்துல முழுகினா பித்து தெளியும்னு எங்கெங்கிருந்தோ சங்கிலி போட்டுக் கூட்டியாந்தாங்க அந்தக் காலத்துல. நான் உள்ளூர்க்காரன். முழுகாமலே தெளிஞ்சிடுச்சு.

மாப்பிள்ளை: என்னிக்குத் தெளிஞ்சுது? தேதி சொல்லுங்க.

மாமா: தேதி சொல்ல அது இன்னா கிரகப்பிரவேசமா? 2000 ஏப்ரல்ல தென்னாப்பிரிக்கா கேப்டன் ஹன்சி குரோனியே காசு வாங்கினேன்னு ஒத்துக்கினான் பாரு, அன்னிக்கே பாதி தெளிஞ்சுது. சரி, இத்தோட உட்டுடலாம்னு இருந்தா, மறு வருஷம் மார்ச்சுல கொல்கத்தாவுல நம்ம லட்சுமணன் ஃபாலோ ஆன் வாங்கிக்கினு 281 அடிச்சுட்டான். மறுபடியும் ஏறிக்கிச்சு. அப்புறம் ஐ.பி.எல். வந்துது. 2015-ல சூதாட்ட கேஸ்ல உன் சென்னை டீமை ரெண்டு வருஷம் வெளியில உக்கார வச்சாங்க.

மாப்பிள்ளை: அது சதி மாமா!

மாமா: உனக்குச் சதி, எனக்கு வைத்தியம். ரெண்டு வருஷம் கழிச்சு 2018-ல திரும்பி வந்தாங்க. காவேரிப் போராட்டம். சேப்பாக்கம் மைதானத்துக்குள்ள ஷூ பறந்து வந்து விழுந்துது. நான் தோல்காரன், எந்த ஊரு ஷூன்னு சொல்லுவானான்னு காதைத் தீட்டிக்கினு இருந்தேன். கமெண்டரியில அதை மட்டும் சொல்லலை. அப்புறம் சென்னையில மிச்சம் இருந்த ஆட்டத்தையெல்லாம் புனேவுக்குத் தூக்கிக்கினு போனாங்க.

மாப்பிள்ளை: நாங்களும் போனோமே! ரசிகர்களுக்குன்னு தனி ரயிலே உட்டாங்க. அந்த வருஷம் கப்பும் நமக்குத்தான்.

மாமா: நமக்குன்னா? பாதி கப்பு வேலூருக்கு வந்துதா?

(வரிசை நாலு அடி நகர்ந்தது. ஒரு குரங்கு யாருடைய தேங்காய் மூடியையோ பிடுங்கிக்கொண்டு கூரை மேல் போய் உட்கார்ந்தது. கூட்டத்தில் திருப்தியாக இருந்தது அது ஒன்றுதான்.)

மாப்பிள்ளை: காசைப் பத்தி மட்டும் பேசுனா எதுதான் சுத்தம்? சினிமா சுத்தமா? அரசியல் சுத்தமா?

மாமா: காசு இருக்கட்டும்டா. கணக்குதான் தலை சுத்துது. 2023-லேர்ந்து 2027 வரைக்கும் 410 ஐ.பி.எல். ஆட்டம் காட்டுற உரிமையை 48,390 கோடிக்கு வித்தாங்க. ஆட்டத்துக்கு 118 கோடி. அந்தப் பக்கம் 120 பந்து, இந்தப் பக்கம் 120 பந்து. ஒரு பந்துக்கு 49 லட்சம். அந்த ஒரு பந்து போடற நேரத்துல நீ சோபாவுல புரண்டு படுக்கிற. 49 லட்சம் போச்சு.

மாப்பிள்ளை: எனக்கென்ன நஷ்டம்?

மாமா: அதான் சொல்றேன். உனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. வருஷத்துக்கு 74 ஆட்டம். ஒண்ணு தோத்தா நாளைக்கு இன்னொண்ணு. தோல்வின்னா ஒரு ராத்திரியாவது தூக்கம் வரக் கூடாது. இதுல தோத்தவனே விளம்பரத்துல சிரிச்சுக்கினு வந்து நிக்கிறான்.

மாப்பிள்ளை: உங்களுக்குப் பழசுதான் உசத்தி.

மாமா: ஆமாண்டா, பழசுதான். எது பழசு தெரியுமா? பந்து. ஒரு கிரிக்கெட் பந்தை அறுத்துப் பாத்திருக்கியா?

மாப்பிள்ளை: ஷூவுக்குத் தோல் வெட்டவே நேரம் சரியா இருக்கு.

மாமா: நான் அறுத்துப் பாத்தேன். நல்ல பந்துன்னா மேல நாலு துண்டுத் தோலு. நம்ம ராணிப்பேட்டை குரோம் தோலு கிடையாது, படிகாரத்துல பதம் பண்ணது. அதான் சாயத்துக்கு அடியில வெள்ளை வெளேர்னு இருக்கும். உள்ள கார்க்கு, அதைச் சுத்தி நூலு. நடு மடிப்புல ஆறு வரிசைத் தையல். எல்லாம் சேத்து 160 கிராம் சொச்சம். இதைக் கையில வாங்கினதும் புதுசா, வழவழன்னு, கல்யாணப் பொண்ணு கன்னம் கணக்கா இருக்கும். ஆனா எங்க கண்ணுக்கு அது இன்னும் வாயைத் தொறக்காத தோலு. முப்பது ஓவர் தரையில அடிபட்டதும் ஒரு பக்கம் சொரசொரப்பு தட்டும். இன்னொரு பக்கத்தைப் பேன்ட்டுல தேச்சுத் தேச்சு மெருகு வைப்பான். அம்பது, அறுபது ஓவர்ல அந்தத் தோலுக்கு ஒரு குணம் வரும். வாசிம் அக்ரம் ஓடி வந்து உட்டான்னா, வெளிய போற மாதிரி வந்து கடைசி நேரத்துல காலுக்குள்ள நொழையும். பேட்ஸ்மேன் குனிஞ்சு பாத்தா ஸ்டம்பு படுத்திருக்கும். நான் முப்பது வருஷமா மேசையில விரிச்சு, உண்ணி கடிச்ச தழும்பு, கத்தி பட்ட வெட்டுன்னு ஒவ்வொரு தோலாத் தடவிப் பாத்தவன். அந்த ஆட்டத்துல எனக்கு ரன்னு தெரியாது, தோலுதான் தெரியும்.

மாப்பிள்ளை: இப்பவும் தோல்லதானே மாமா செய்றான்? பிளாஸ்டிக்லயா செய்றான்?

மாமா: தோல்லதான். பழசாக உடறதில்லையே! டெஸ்ட்டுல 80 ஓவருக்கு ஒரே பந்து. ஒன்டேவுல 2011-லேர்ந்து ரெண்டு முனைக்கும் ஆளுக்கொரு புதுப் பந்து குடுத்தான். கணக்குப் போடு, ஒரு பந்துக்கு 25 ஓவர்தான் ஆயுசு. பந்து வளையவே இல்ல, அடி அடின்னு அடிச்சான். பதினாலு வருஷம் கழிச்சு இந்த ஜூலையிலதான் புத்தி வந்து, 34 ஓவர் முடிஞ்சா ஒண்ணை மட்டும் வச்சுக்கங்கடான்னு மாத்துனான். உன் டி20-யைப் பத்திச் சொல்லவே வாணாம். பந்துக்கு மீசை மொளைக்கிறதுக்குள்ள பட்டாசு வெடிச்சு எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிடறான்.

மாப்பிள்ளை: ஜனங்க சிக்ஸரைப் பாக்கத்தான் வர்றாங்க, பந்தோட மீசையைப் பாக்க இல்ல. போன வருஷம் ஏப்ரல்ல ஐதராபாத் இருபது ஓவர்ல 287! மனுஷன் அடிக்கிற ஸ்கோரா அது?

மாமா: பெங்களூர்க்காரன் 262 அடிச்சும் தோத்தான். அன்னிக்கு பந்து போட்டவன் வூட்டுல எவனாவது டிவி பாத்திருப்பானான்னு யோசிச்சேன்.

(இந்த இடத்தில் எனக்கும் மாமா கட்சியில் சேர்ந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் மாப்பிள்ளையிடம் ஒரு அம்பு மிச்சம் இருந்தது.)

மாப்பிள்ளை: சரி மாமா. உங்களுக்கு எல்லாமே நிதானமா, கஷ்டப்பட்டு வரணும். தோ இருக்குது 1305 படி. ஏறுங்களேன். அது டெஸ்ட் மேட்ச்சு. ரோப் காரு டி20. டி20 வரிசையில நின்னுக்கினு டெஸ்ட் மேட்ச் பெருமை பேசுறீங்க.

மாமா: …முட்டிடா.

மாப்பிள்ளை: ஜனங்களுக்கும் அதான். முட்டி இல்ல, நேரம் இல்ல. அஞ்சு நாள் லீவு போட்டா எங்க சூப்பர்வைசர் ஆறாவது நாள் உள்ளயே உட மாட்டான்.

மாமா: ம்… இது நல்ல பந்துதான். ஆனா ரோப் காரு வந்துதுன்னு படியை இடிக்கலையேடா.

மாப்பிள்ளை: டெஸ்ட்டையும் இடிக்கல. சீக்கிரம் முடிக்கிறாங்க, அவ்ளோதான். இந்த மாசம் கொல்கத்தாவுல இதே தென்னாப்பிரிக்காவோட ஆடுனது மூணாவது நாளே முடிஞ்சுது. 124 அடிக்க முடியாம 93-க்கு ஆல் அவுட்டு.

மாமா: இதே சோளிங்கர்ல 1781 செப்டம்பர்ல ஹைதர் அலிக்கும் அயர் கூட் தளபதிக்கும் சண்டை நடந்துது. பீரங்கி, குதிரை, ஆயிரக்கணக்குல ஆளு. அதுவே ஒரே நாள்தான்.

மாப்பிள்ளை: பாத்தீங்களா? ஒன்டேயைக் கண்டுபிடிச்சதே நம்ம ஊருதான்!

மாமா: (சிரித்துவிட்டு) வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. சேப்பாக்கத்துல 1999 ஜனவரி கடைசி. பாகிஸ்தான். 271 அடிக்கணும். சச்சின் முதுகு வலியோட 136. அவரு போனதும் மடமடன்னு மிச்ச விக்கெட்டும் போச்சு. 12 ரன்ல தோத்தோம். அரக்கோணத்துல ரயில் ஏறிப் போய் நேர்ல பாத்தேன். கொஞ்ச நேரம் மயான அமைதி. அப்புறம் ஒருத்தன் எழுந்தான், பத்து பேர் எழுந்தான், மொத்த ஸ்டேடியமும் நின்னுக்கினு பாகிஸ்தான்காரனுக்குக் கை தட்டுச்சு. அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தாங்க. நானும் தட்டுனேன், கண்ணுல தண்ணியோட. அந்தத் தோல்வியை இப்பக் குடுத்தாக்கூட வாங்கிக்குவேன்.

மாப்பிள்ளை: அது வேற காலம். பஹல்காம்ல 26 பேரைக் கொன்னாங்களே மாமா. அவங்களுக்குக் கை குடுக்கணுமா? ஆசியக் கோப்பையில குடுக்காதது சரிதான்.

மாமா: குடுக்க மனசு இல்லாட்டி குடுக்காதே, நான் வாணான்னு சொல்லல. அப்ப ஆட்டத்துக்கே போகக் கூடாது. ஆடுவேன், டிக்கெட் விப்பேன், விளம்பரம் போடுவேன், ஒரே போட்டியில மூணு தடவை மோதுவேன், கை மட்டும் குடுக்க மாட்டேன்னா அது இன்னா ரோசம்? துபாய்ல கோப்பையை வாங்க மாட்டேன்னுட்டு, வெறுங்கையைத் தூக்கிக் கோப்பை இருக்கிற மாதிரி ஆடுனாங்க. நான் பாத்த கடைசிக் காட்சி அது. இல்லாத கோப்பையைப் பாக்க நான் எதுக்கு முழிச்சுக்கினு இருக்கணும்னு டிவியை அணைச்சுட்டேன்.

மாப்பிள்ளை: பாக்கறதில்லைன்றீங்க, தேதி தேதியா ஒப்பிக்கிறீங்க.

மாமா: நம்ம ஊர் பக்கோடா கடைக்காரன் ஸ்போர்ட்ஸ் பக்கத்துலதான் மடிக்கிறான். நான் இன்னா பண்ணட்டும்? அதுலதான் உன் டீம் சேதியும் படிச்சேன். 2023 ஃபைனல்ல கடைசிப் பந்துல நாலு அடிச்ச ஜடேஜாவை, நீ போட்டிருக்கிறியே பனியன், அந்த ஏழாம் நம்பர் தூக்கி இடுப்புல வச்சுக்கினாரு. இந்த மாசம் அதே ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் குடுத்துட்டு சஞ்சு சாம்சனை எடுத்துக்கினாங்களாமே?

மாப்பிள்ளை: அது… டீமோட எதிர்காலம் மாமா. போன சீசன் கடைசி எடம் வந்துட்டோம்ல.

மாமா: அப்ப தோத்தா நம்ம ஆளு இல்லையா? சரி, அதை உடு. நீ பாக்குறியா இப்போ?

மாப்பிள்ளை: பாக்காம?

மாமா: ஆகஸ்ட்டுலேர்ந்து டிவி பக்கமே வர்றதில்லைன்னு உங்க அம்மா சொல்லுச்சே.

(மாப்பிள்ளை குரங்கைப் பார்த்தார். குரங்கு அவரைப் பார்த்தது.)

மாப்பிள்ளை: ஆன்லைன்ல காசு கட்டி ஆடக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்கல்ல. ஆப்பை மூடி நமக்கு ஆப்பு வச்சுட்டாங்க. பதினொரு பேரை நாமளே பொறுக்கி, நாப்பத்தொம்பது ரூபா கட்டி உக்காந்தாத்தான் மாமா ஒரு கிக்கு. எந்த டீம் ஜெயிச்சாலும் கவலை இல்ல, நம்ம ஆளு நாலு கேட்ச் புடிச்சா போதும். இப்ப எவன் அடிச்சா நமக்கென்ன, எவன் அவுட்டானா நமக்கென்ன?

மாமா: அடப்பாவி! எனக்குத் தெளிய இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. உனக்கு பார்லிமெண்ட்டு ரெண்டே நாள்ல தெளிய வச்சிடுச்சே!

மாப்பிள்ளை: சிரிக்காதீங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க.

மாமா: அப்ப ராஞ்சி ஸ்கோரு இன்னாத்துக்கு கேட்ட?

மாப்பிள்ளை: கம்பெனியில ஒரு நூறு ரூபா பெட்டு.

மாமா: எதுக்கு?

மாப்பிள்ளை: கோலி அம்பது தாண்ட மாட்டாருன்னு கட்டியிருக்கேன். ஆஸ்திரேலியாவுல போன மாசம் ரெண்டு தடவை டக்கு அடிச்சாரு, அந்த தைரியந்தான்.

மாமா: ஏண்டா, மூணாவது ஆட்டத்துல 74 அடிச்சு நாட் அவுட்டா நின்னாரே, அதைப் பாக்கலை?

மாப்பிள்ளை: அதுக்குள்ள தூங்கிட்டேன்.

(எனக்குப் பின்னால் நின்ற சித்தூர்க்காரர் போனைத் தலைக்கு மேல் தூக்கி, முகம் தெரியாத எங்கள் எல்லோருக்கும் சேதி சொன்னார்: "கோலி செஞ்சரி கொட்டேசாடு!" வரிசை முழுக்க ஒரு சத்தம். மாமாவின் கை அனிச்சையாக மேலே போனதா, வேட்டியைச் சரி செய்யத்தான் போனதா என்று எனக்குத் தெரியாது. ரோப் கார் வந்து நின்றது.)

மாமா: ஏறு, ஏறு.

மாப்பிள்ளை: மாமா… உங்ககிட்ட ஒரு நூறு ரூபா இருக்குமா?