முட்டுக்கல்: ஊவா மலைப்பாதையின் அரிய கார்கள் குறித்து ஒரு முன்னோட்ட ஆய்வு

பதுளைப் பக்கத்து மலைப்பாதைகளில் ஓடி, இன்று கண்ணில் படாமல் போய்விட்ட கார்களைப் பற்றி அவற்றின் அபிமானிகள் சொல்லும் நினைவுகளைத் தொகுத்துப் பார்த்தால், எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்து முடிவதைக் காணலாம்: "டொப் கியரிலேயே ஏறும்." ஒஸ்டின் சொமர்செட் ஏறும், ஹில்மன் மிங்க்ஸ் ஏறும், போர்ட் பிரிஃபெக்ட் ஏறும், எல்லாவற்றுக்கும் மேலாக மொரிஸ் மைனர் ஏறும், அதுவும் ஆறு பேரோடும் ஒரு மூட்டை வெலிமடை உருளைக்கிழங்கோடும். இத்தனை கார்கள் இத்தனை சுலபமாக ஏறியிருந்தால், வளைவுக்கு வளைவு பாதையோரத்தில் சக்கரத்துக்குத் தோதான ஒரு கல் எதற்காகக் கிடந்தது? இவ்வினாவை இதுவரை எந்த ஆய்வாளரும் எழுப்பாததால், எழுப்பிய பெருமை இக்கட்டுரைக்கே உரியது என்பதை முதலிலேயே பதிவுசெய்துகொள்கிறோம். நமது கருதுகோள் இது: அரிய கார் பற்றிய நம்பத்தகுந்த நினைவு அதை ஓட்டியவரிடம் இல்லை; தள்ளியவரிடமும், சக்கரத்துக்குப் பின்னால் வைக்கப்பட்ட முட்டுக்கல்லிடமுமே இருக்கிறது.

முதற்சான்று மலையே. பதுளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர். பண்டாரவளை 1,200க்கு மேல். ஹப்புத்தளை 1,400க்கும் மேல். உயரம் 1,000 மீற்றர் கூடினால் காற்று மெலிந்து எஞ்சின் தன் வலுவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடும்; தண்ணீரோ ஹப்புத்தளையில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஐம்பதுகளின் முற்பகுதியில் வந்த மொரிஸ் மைனருக்கு 803 சீசீ எஞ்சின், 30 குதிரை வலு. ரயில் பாதை போட்டவர்கள் இந்த மலையிடம் வீறாப்புக் காட்டவில்லை. 44 அடிக்கு ஓரடிக்கு மேல் செங்குத்து வேண்டாம் என்று ஒதுங்கி, தெமோதரையில் பாதையை வளைத்து அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைத்து, 1924 ஏப்ரலில்தான் பதுளைக்கு வந்து சேர்ந்தார்கள். நீராவி எஞ்சின் பணிந்த இடத்தில் 30 குதிரை பணியவில்லையாம். போர்ட் டீ மாடலின் கதை இன்னும் விசேஷமானது. அதன் பெற்றோல் தாங்கி ஆசனத்துக்கு அடியில் இருந்தது; பம்ப் கிடையாது; பெற்றோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போக வேண்டும். மூக்கு உயர்ந்தால் வழியாது. ஆகவே உலகெங்கும் அதன் சாரதிகள் காரைத் திருப்பி, ரிவர்ஸில் மலையேறினார்கள். பிருஷ்டத்தை முன்னே நீட்டிக்கொண்டு ஏறிய ஒரு வாகனத்தைக்கூட அபிமானம் கம்பீரமாகவே நினைவுகூர்கிறது.

ஆய்வு என்றால் வகைப்படுத்தியாக வேண்டும். துரைமார் கார், கிளாக்கர் கார், டவுன் ஹயர் கார் என மூவகை. லேண்ட்ரோவர் தானாகவே ஏறிவிட்டதால் ஆய்வுக்கு உதவாது. காலத்தை நம்பர் பலகையால் கணிப்பது அபிமானிகளின் வழக்கம்: சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்த சி.எல்., ஈ.என்., ஈ.வை. முந்தியவை, 1958இல் வந்த சிங்கள ஸ்ரீ பிந்தியது. இன்ன கார் "ஒரு ஸ்ரீ"யா "இரண்டு ஸ்ரீ"யா என்று மணிக்கணக்காக வாதாடுபவர்கள், அந்த எழுத்தின்மேல் தார் பூசப்பட்டதையும் அவ்வாண்டே நாடு பற்றியெரிந்ததையும் பேசுவதில்லை. பலகையில் அவர்களுக்கு எண் மட்டுமே தெரியும். 1970க்கும் 1977க்கும் இடையில் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால், இருந்த கார்கள் சாகவும் அனுமதி இல்லாமல் ஓடின. கராஜ் பாஸ்மார் கடைசல் இயந்திரத்தில் பிறப்பித்த பாகங்களால் நாட்டில் மொரிஸ் மைனர்கள் பிழைத்தன. பின்னாளில், 1990களில், அந்தக் காருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகருக்கே போயின. பெற்றவளுக்குப் பிள்ளைத்தாய்ச்சிப் பத்தியம் சொல்லிக்கொடுத்த கதை.

இனிக் கல்லுக்கு வருவோம். முட்டுக்கல் நான்கு வகைப்படும் என்பர் ஒரு சாரார். மூன்று என்பர் பிறிதொரு சாரார். கல்லை வைத்தவர்கள் எண்ணவில்லை. வளைவிலேயே கிடப்பது நிலைக்கல். டிக்கியில் கூடவே வருவது செல்கல். கல்லுக்குப் பதில் பிடுங்கிய தேயிலையின் வேர்க்கட்டையை வைத்தால் அது போலிக்கல். அவசரத்தில் கையில் அகப்பட்டது எதுவோ அது நான்காவது. இதில் மைல்கல்லும் அடங்கும் என்பது சில இடங்களில் தூரக் கணக்கு ஒத்துவராததால் ஊகிக்கப்படுகிறது. ஆற்றில் உருண்ட கல் முட்டுக்கு ஆகாது. சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடும். உடைத்த கருங்கல்லே உத்தமம். அதிலும் தட்டைப் பக்கம் தரையில் படவேண்டும் என்பது பசறை வழிப் பள்ளி (காண்க: பசறைப் பாதை, மூன்றாம் வளைவு, இடதுபுறக் கல், அடிப்பக்கம்). சரிந்த பக்கம் டயருக்குள் நுழையவேண்டும் என்பது ஹாலி எலப் பள்ளி (மேலது, மேற்பக்கம், பாசி நீக்கிய திருத்திய பதிப்பு). இரண்டும் ஒரே கல்லில் ஒரே நேரத்தில் கூடும் என்று சமரசம் கண்ட மூன்றாம் பள்ளியை முன்னிருவரும் சேர்ந்து நிராகரித்துள்ளனர் (ஒப்புநோக்குக: மதகுச் சுவரில் கரியால் எழுதிய கணக்கு, கூட்டற்பிழையுடன், மழையில் நனைந்த பிரதி, மற்றும் அதன்மேல் தவறணையிலிருந்து திரும்பும் வழியில் வாய்மொழியாக அருளப்பட்ட விருத்தியுரை, இரண்டாம் சாமம் வரை).

தள்ளும் முறையை இங்கே விளக்கியாக வேண்டும். ஐவர் பின்னால் தோள்கொடுத்துத் தள்ள, ஒருவர் கல்லைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தோடு குனிந்தபடியே நடப்பார், கார் இரண்டடி ஏறியதும் கல் உள்ளே போகும், எல்லோரும் மூச்சு வாங்குவார்கள், பிறகு மறுபடியும். தள்ளு, கல், மூச்சு ஆகிய மூன்றும் சேர்ந்தது ஓர் அலகு. ஒவ்வோர் அலகிலும் கல் இரண்டடி மேலே போகிறது. கீழே திரும்பி வருவதில்லை. அரை நூற்றாண்டுக் காலம் இவ்வாறு நடந்தால் ஊவாவின் கற்கள் யாவும் படிப்படியாக உச்சியில் போய்ச் சேரவேண்டும் என்பது நமது கல் பெயர்ச்சிக் கோட்பாடு. ஹப்புத்தளை உயரமாக இருப்பதற்கு இதுவே காரணம் என நிறுவுகிறோம். புவியியலாளர்கள் கூறும் காரணங்கள் மோட்டார் வாகனத்தைக் கணக்கில் எடுக்காதவை. செல்கல்லின் தொன்மையைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோக விரும்புவோருக்கும் வழி இருக்கிறது: உப்பு வண்டியின் அடியில் கட்டிச்சென்ற சேம அச்சை ஒளவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அச்சு அங்கே இருந்தால் கல்லும் அங்கே இருந்திருக்கவேண்டும். பாடல் அதைச் சொல்லாதது அது அத்தனை சாதாரணமாக இருந்ததற்கே அத்தாட்சி. இதைவிட மெல்லிய நூலில் முனைவர் பட்டங்கள் தொங்கியிருக்கின்றன.

மறுப்புகள் வரும். வொக்ஸ்வாகனில் ரேடியேட்டரே இல்லை, கொதிக்கத் தண்ணீரே இல்லை, அதைத் தள்ளவேண்டிய அவசியம் என்ன என்பது முதல் மறுப்பு. மலையேறும்போது இல்லைதான். ஆனால் அறுபதுகளின் நடுப்பகுதி வரை அதற்கு 6 வோல்ட் மின்சாரம். பண்டாரவளையின் விடியற்காலைக் குளிரில் அது கண்விழிப்பதற்கே தள்ளவேண்டியிருந்தது என்றால் வியப்பில்லை. மேலும் தொல்லை கொடுக்காத காருக்கு நினைவு சேர்வதில்லை; வழியில் நின்ற காரைப் பற்றியே கதை இருக்கிறது. இரண்டாம் மறுப்பு சற்றுக் கனமானது: பழைய புகைப்படங்கள் எதிலும் தள்ளுபவர்கள் காணப்படவில்லையே? பங்களா வாசலில் கார் நிற்கிறது, துரை நிற்கிறார், நாய் உட்கார்ந்திருக்கிறது. படக்குறிப்பில் துரையின் பெயர், காரின் பெயர், ஆண்டு, நாயின் பெயர் எல்லாம் உண்டு. ஆனால் புகைப்படக் கருவி பங்களா வாசலில்தான் இருந்தது, வளைவில் இருக்கவில்லை. அது பாராத இடத்தில் எதுவும் நடக்கவில்லை என்று கொள்வது ஆராய்ச்சி அல்ல, உபசாரம். லயத்துக்குப் போய்க் கேட்டால் எந்தக் கார் எந்த வளைவில் எத்தனை முறை நின்றது என்று சொல்ல ஆளிருக்கும். என்ன செய்வது, தோட்ட நிருவாகி எழுதிவைத்தால் அது வரலாறு, நூலகத்தில் ஓர் அலுமாரி. அதே காரைத் தள்ளியவர் சொன்னால் அது நாட்டார் வழக்காறு, வேறொரு துறை, வேறொரு கட்டடம். இரண்டு துறையினரும் ஒரே தேநீர் வேளையில் சந்தித்தாலும் கலந்து பேசுவதில்லை என்பதற்கு மட்டும் அடிக்குறிப்புத் தேவையில்லை.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு சிக்கல். மேட்டின் தலைப்பில் எஞ்சின் உயிர்பெற்றதும், தள்ளியவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டார்களா? அபிமானிகள் இதற்குத் தரும் விடை தெளிவானது: நிறுத்தியிருந்தால் எஞ்சின் மறுபடியும் அணைந்திருக்கும், ஆகவே நிறுத்தமுடியாது. இந்த விளக்கம் இயந்திரவியலின்படி முற்றிலும் சரி. மறுக்க இடமில்லாததால் ஏற்றுக்கொள்கிறோம். கல்லை டிக்கியில் போடுவதற்கு மட்டும் எப்படி நிறுத்தினார்கள் என்பது அடுத்த கட்டுரைக்குரியது.