படித்த படிப்பு கூடவே வருமா?

கல்லூரி மாறுவது, பாதியில் விட்டதைத் தொடர்வது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

பரமக்குடி மாணவர்: கிரெடிட் என்றால் எல்லா இடத்திலும் கிரெடிட்தானே? புதிய கல்லூரி ஏன் ஏற்க மறுக்கிறது?

எண்ணிக்கை அவர்களுக்குப் பாதித் தகவல்தான். வகுப்பறைப் பாடமென்றால் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. அந்த 15 மணி நேரத்தில் என்ன படித்தீர்கள் என்பது மார்க் ஷீட்டில் இருக்காது. சிலபஸில்தான் இருக்கும். புதிய இடத்தில் துறைத்தலைவரோ பாடத்திட்டக் குழுவோ இரண்டு சிலபஸையும் யூனிட் யூனிட்டாக வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் அந்தத் தாள் கழியும். இல்லையென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதே மாணவர்: பரமக்குடியிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாறினாலும் இப்படியா?

பெரும்பாலும் இல்லை. இவ்விரு ஊர்களின் கலை அறிவியல் கல்லூரிகளும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. சிலபஸ் ஒன்று, தேர்வு ஒன்று. காலியிடமும் இரண்டு முதல்வர்களின் சம்மதமும் பல்கலைக்கழக அனுமதியும் இருந்தால் வேலை முடியும். ஆனால் தன்னாட்சிக் கல்லூரி என்றால் உஷார். பல்கலைக்கழகம் ஒன்றே ஆனாலும் தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது.

தங்கச்சிமடம்: அப்பாவைப் படகோடு இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனேன். இப்போது தொடர முடியுமா? படித்த 3 செமஸ்டர் வீண்தானா?

வீண் இல்லை, தம்பி. முதலில் உங்கள் பழைய கல்லூரிக்கே போங்கள். அங்கே மறுசேர்க்கை கேட்பதுதான் ஆகச் சுலபமான வழி. சிலபஸ் மாறியிருந்தால் ஒன்றிரண்டு தாள் கூடுதலாக எழுதச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

வேறு கல்லூரிதான் வேண்டுமென்றால், யு.ஜி.சி. 2021-ல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி இருக்கிறது. 2021-22 கல்வியாண்டு முதல் எடுத்த கிரெடிட்டுகள் அதில் 7 ஆண்டு வரை செல்லும். ஒரு நிபந்தனை: உங்கள் கல்லூரி அவற்றைப் பதிவேற்றியிருக்க வேண்டும். டிஜிலாக்கரில் உங்கள் பெயரில் கணக்கைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால், பதிவேற்றச் சொல்லித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு இன்றே எழுதுங்கள். குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்தியவர் திரும்பி வரும்போது, கல்லூரி எழுந்து நின்று வரவேற்க வேண்டும் என்பது என் கருத்து.

கீழக்கரை: கடைசி செமஸ்டரை மட்டும் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் பட்டத்தை வாங்கலாமா?

முடியாது. பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதிக் கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பது விதி.

தொண்டி: அரியர் தாளின் கிரெடிட் மாறுமா?

அரியர் தாளுக்குக் கிரெடிட்டே கிடையாதே! எழுதி முடித்துவிட்டு மாறுங்கள்.

மண்டபம் முகாம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்து 30 கிரெடிட் எடுத்தேன். இங்கே ஓராண்டுக்கு 40 என்கிறார்கள். 10 குறைகிறதே, அதை எழுத வேண்டுமா?

உங்களிடம் "10 குறைவு" என்று யாராவது சொன்னால், அவர் முன்னால் ஒரு தாளை வைத்துப் பெருக்கிக் காட்டுங்கள். இலங்கையின் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்தது. ஆக 30 கிரெடிட் 1,500 மணி நேரம். இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில், அதேபோல் எல்லாம் சேர்த்து, ஒரு கிரெடிட் 30 மணி நேரம். 40 கிரெடிட் 1,200 மணி நேரம். யாருக்குக் குறைகிறது? ஐரோப்பாவில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். அதனால் அங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட ஒன்றரை மடங்கு படித்துவிட்டார்கள் என்று ஆகுமா? அங்கே ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம், அலகு வேறு. நாடு விட்டு நாடு வந்த கிரெடிட்டை மணி நேரமாக மாற்றாமல் ஒப்பிடுவது பெருந்தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது உங்களைப் போன்றவர்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதோடு முடிந்துவிடாது. பாடப்பொருத்தத்தையும் பார்ப்பார்கள். பாதியில் நின்ற வெளிநாட்டுப் படிப்புக்கு எதைக் கழிப்பது என்று சொல்ல வேண்டியது நீங்கள் சேரும் பல்கலைக்கழகம்தான். கடல் தாண்டி வந்ததில் சான்றிதழ் தொலைந்திருந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதி, மதிப்பெண் பதிவை நேரே இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம்: நம்மூர் கலாம் ஐயா பி.எஸ்சி. முடித்துத்தானே இன்ஜினீயரிங் போனார்? அவருக்கு எத்தனை ஆண்டு கழித்தார்கள்?

நல்ல கேள்வி. ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலிருந்து திருச்சி செயின்ட் ஜோசப் போய், 1954-ல் இயற்பியல் முடித்த பிறகுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். அப்போது அங்கே பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்து 3 ஆண்டு பொறியியல் சொல்லிக்கொடுத்தார்கள். சேரப் பணமில்லை. அக்காள் ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

இன்று? பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மீதி 3 ஆண்டு. கலாம் படித்த அதே 3 ஆண்டு! பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவரையும் இரண்டாம் ஆண்டில்தான் சேர்க்கிறார்கள். 3 ஆண்டுப் படிப்பு வந்து சேரும் இடத்தில் ஓராண்டாகத்தான் எண்ணப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே அளவாக ஓராண்டைக் கழிப்பது அலுவலகத்துக்கு வசதி. ஆனால் எலெக்ட்ரானிக்ஸைப் பட்டப் படிப்பிலேயே தேர்ச்சியாகப் படித்து வந்தவரை, அதே பாடத்தில் மறுபடி உட்கார வைப்பது என்ன நியாயம்? தாளுக்குத் தாள் பார்த்துக் கழிக்க வேண்டும். அடகுக்கடைக்குப் போகும் நகை இந்தக் கரையில் இன்னும் குறையவில்லை.

பாம்பன்: ஸ்வயம் பாடம் படித்தால் சேருமா?

சேரும். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் எடுக்க, ஸ்வயம் பற்றிய யு.ஜி.சி.யின் 2021 விதி இடம் தருகிறது. கல்லூரி ஒப்புதலை வாங்கிய பிறகு பதிவு செய்யுங்கள். தேர்வை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும், எந்த ஊர் என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஏர்வாடி, ஒரு தாய்: மகளுக்குக் கல்யாணம். சென்னைக்குப் போகிறாள். படிப்பை அங்கே தொடர என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

வாழ்த்துகள் அம்மா. டி.சி., மைக்ரேஷன் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், நன்னடத்தைச் சான்று. இவற்றை எல்லோரும் வாங்கிவிடுவார்கள். விட்டுப்போவது சிலபஸ். அவள் படித்த ஆண்டின் சிலபஸ் நகலில், பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். இன்னொன்று, டி.சி. வாங்குவதற்கு முன்பே, எந்தெந்தத் தாளைக் கழிப்பார்கள் என்று சென்னைக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். டி.சி. கையில் வந்துவிட்டால் இங்கே இடம் போய்விடும். "வாங்க, பார்த்துக்கலாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி ஓராண்டை இழந்த பெண்கள் உண்டு.

ராமநாதபுரம்: எல்லாம் கொடுத்தும் "ஏற்க முடியாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். இனி?

எந்தத் தாள், எந்த யூனிட் பொருந்தவில்லை என்று காரணம் கேட்டுப் பதிவாளருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. அதற்கும் மேலே, யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் இன்னொரு வழியும் உண்டு: 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, உங்கள் விண்ணப்பத்தின் மீது குழு எழுதிய குறிப்பின் நகலைக் கேளுங்கள். குறிப்பே இல்லையென்றால் உங்கள் சிலபஸை யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். அதை வைத்து மேல்முறையீடு செய்யுங்கள்.