கறுப்புக் குட்டிக்கு யார் பொறுப்பு?

கே: கிடாயும் செம்பழுப்பு, தாயாடும் செம்பழுப்பு. குட்டி மட்டும் கன்னங்கரேலென்று விழுந்திருக்கிறது. பக்கத்துப் பட்டிக் கிடாய் மேல்தான் சந்தேகம். (மேச்சேரி வாசகர்)

ப: பஞ்சாயத்தைக் கூட்டுவதற்கு முன் உங்கள் ஆடுகளையே விசாரியுங்கள். எந்தக் குணத்துக்கும் அப்பன் தந்த மரபணு ஒன்று, ஆத்தாள் தந்தது ஒன்று. செம்மறிகளில் கறுப்பு பெரும்பாலும் பதுங்கி வரும் சங்கதி. இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பெற்ற இருவரிடமும் அது பதுங்கியிருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. போன ஈத்தில் கறுப்பு விழுந்ததால் அடுத்த மூன்றும் செம்பழுப்பு என்று கணக்குப் போடாதீர்கள். சீட்டை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் குலுக்குகிறார்கள்.

அடுத்த பட்டிக் கிடாய்க்கு நான் நற்சான்றிதழ் தரவில்லை. வேலி எந்த லட்சணத்தில் இருந்தது என்று உங்களுக்குத்தானே தெரியும்!

கே: மூன்று ஈத்தும் கிடாய்க்குட்டி. தாயாட்டைக் கழித்துவிடலாமா?

ப: கிடாயா பெட்டையா என்பது அப்பன் தரும் குரோமோசோமைப் பொறுத்தது. பழி மட்டும் ஆத்தாள் மேல். வீட்டில்தான் இப்படி என்றால் ஆட்டிலுமா?

கே: அடையாளத்துக்குக் காதை வெட்டுகிறோம். குட்டிக்கும் அது வருமா?

ப: ஜெர்மனியில் வைஸ்மான் என்ற உயிரியலாளர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை நறுக்கிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன.

கே: மேச்சேரி இனத்தில் கிடாய்க்கும் கொம்பில்லை. வேம்பூர்க் கிடாய்க்கு மட்டும் எப்படி?

ப: வேம்பூர்ப் பெட்டைக்கும் கொம்பில்லை. ஆனாலும் கொம்புக் குணத்தை மகனுக்குக் கொடுத்துவிடுகிறாள். தன்னிடம் வெளியே தெரியாததையும் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கே: பொலிகிடாயை எப்படித் தேர்வு செய்வது?

ப: சந்தையில் இடுப்பை அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம். அதில் தெரிவது பாதி மரபு, பாதி தீவனம். கடலைக்கொடி போட்டு ஏற்றிய எடை குட்டிக்குப் போகாது. அதனால் ஒரே தீவனத்தில் வளர்ந்த கூட்டத்தில் எது எடை கூடியது, அதன் தாய், உடன்பிறப்புகள் எப்படி என்று கேளுங்கள். மேச்சேரி இனத்துக்கென்றே 1978 முதல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாயை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மகள்களே அதற்குச் சோடியாகி, பதுங்கிய குறைகளெல்லாம் சேர்ந்து வெளியே வரும்.

கே: வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒன்றாக மேய்க்கிறேன். கலப்புக் குட்டி பிறக்குமா?

ப: செம்மறிக்கு 54 குரோமோசோம், வெள்ளாட்டுக்கு 60. கூட்டணி அமையலாம், பெரும்பாலும் ஐந்து மாசம் தாங்காது.