பழைய விண்டோஸ், புதிய விண்டோஸ்: ஓர் ஒப்பாய்வு

கணினியின் இயங்குதளங்கள் இரு வகைப்படும்: பழையது, புதியது. பயனருக்குக் கை பழகிய பிறகு நிறுத்தப்படுவது பழையது. கை பழகுவதற்குள் மாற்றப்படுவது புதியது. இவற்றுள் அன்றாட வேலைக்கு எது உகந்தது என்பது நினைவகத் தேவை, தமிழ் வசதி, பாதுகாப்பு, அணைக்கும் முறை, வேகம் ஆகிய அளவுகோல்களால் ஆராயப்பட்டு, இறுதியில் முடிவு கூறப்படும். அன்றாட வேலை என்பது கடிதம் தட்டுவது, மின்கட்டணம் கட்டுவது, ஆதார் நகலை அச்செடுப்பது, இடையிடையே டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து ரெஃப்ரெஷ் அழுத்துவது ஆகியவற்றைக் குறிக்கும். கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் தேவையில்லை. விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பில் ரெஃப்ரெஷை உள்மெனுவுக்குள் தள்ளிவைத்தவர்கள், 2021 ஜூலையில் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆய்வின் எல்லை விண்டோஸ் மட்டுமே. மேக் வைத்திருப்பவர்கள் தங்கள் கணினியைப் பற்றித் தாங்களே போதிய அளவு பேசிவிடுகிறார்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்கும் மேல்.

ஆய்வுக்கு இப்போது என்ன அவசரம் என்றால், 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 13ஆம் தேதி இரவு வரை குறையேதும் இல்லாமல் ஓடிய கணினிகள் விடிந்ததும் பழையவை ஆயின. சரி, விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு எங்கே என்று கேட்கிறது. இன்டெல் செயலி பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும் என்கிறது. ஏழாம் தலைமுறைச் செயலி செய்த குற்றம், ஏழாம் தலைமுறையில் பிறந்ததுதான். இத்தனைக்கும், விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்று 2015இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையில் சொன்னார். நிறுவனமும் அப்போது மறுக்கவில்லை. நம்பி வாங்கியவர்கள் பலர். ஆறே ஆண்டில் பதினொன்று வந்தது.

முதலில் நினைவகம். விண்டோஸ் 95க்குக் குறைந்தது 4 எம்பி போதும் என்றார்கள். எக்ஸ்பிக்கு 64 எம்பி, விண்டோஸ் 7க்கு 1 ஜிபி, விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருக்கம். இதே காலத்தில் விடுப்பு விண்ணப்பத்தின் நீளம் கூடவில்லை. காய்ச்சல் என்று எழுத அதே எழுத்துகளே போதுகின்றன. தவிர, 4 ஜிபி என்பது தாளில் உள்ள கணக்கு. கடையில் போய் 4 ஜிபி மடிக்கணினி கேட்பவரைக் கடைக்காரர் பார்க்கும் பார்வை வேறு.

அடுத்தது தமிழ். எக்ஸ்பியோடு லதா எழுத்துரு வந்தது. ஆனால் தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால் கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிப் பகுதியில் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, கேட்கும்போது விண்டோஸ் சிடியைப் போட வேண்டும். சிடி, கணினியை அசெம்பிள் செய்துகொடுத்தவரிடம் இருக்கும். அவர் கடையை மாற்றியிருப்பார். அதுவரை கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். விண்டோஸ் 10இல் எழுத்துரு கேட்காமலே உள்ளே இருந்தது. தமிழ்99 விசைப்பலகையும் பின்னர் செட்டிங்ஸிலேயே கிடைத்தது. இந்த ஒன்றில் புதியதே மேல், வாதத்துக்கு இடமில்லை. அதற்குள் பாமினி எழுத்துருவின் விசைகளுக்குப் பழகிவிட்ட விரல்கள் திரும்பி வராதது விண்டோஸின் குற்றமாகாது.

பாதுகாப்பிலும் பழையதன் அன்பர்கள் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் பணம் பறிக்கும் நிரல் பரவியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் கைகழுவிய எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அவசர ஒட்டு வெளியிட வேண்டியிருந்தது. அத்தனை பேர் அப்போதும் விடவில்லை. ஆதரவு போன இயங்குதளத்தில் ஓடும் ஏடிஎம்களை 2019 ஜூனுக்குள் மாற்றும்படி ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகளுக்குக் கெடு வைத்தது. வங்கிகளே விடாதபோது வீட்டில் இருப்பவரை என்ன சொல்வது?

நான்காவது அளவுகோல், அணைக்கும் முறை. இது சிறியது, ஒரு பத்தியில் முடிந்துவிடும். 1995 ஆகஸ்ட் 24இல் வெளிவந்த விண்டோஸ் 95தான் ஸ்டார்ட் பட்டனைக் கொண்டுவந்தது. அதை விற்க ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஸ்டார்ட் மீ அப் பாட்டை விளம்பரத்தில் போட்டார்கள். தொடங்குவதற்கான அந்தப் பட்டனை அழுத்தித்தான் அணைக்கவும் வேண்டும். மேல்நாட்டில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்லாமல் 'வருகிறேன்' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தவில்லை. ஷட் டவுன் கொடுத்ததும் கருப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்தில், இனி கணினியை அணைப்பதில் ஆபத்தில்லை என்று ஓர் அறிவிப்பு வரும். பயனர் மேசைக்கடியில் குனிந்து பொத்தானை அழுத்துவார். அனுமதி கொடுப்பது இயந்திரம், அணைப்பது மனிதர். அதிகாரப் பங்கீட்டில் குழப்பம் இல்லை.

எக்ஸ்பி (2001 அக்டோபர் 25) குனியும் வேலையை மிச்சப்படுத்தியது. அதற்குள் வன்பொருளும் தானே அணையக் கற்றிருந்தது. சிவப்புப் பட்டனை அழுத்தியதும் திரை முழுவதும் மெல்ல நிறம் இழந்து சாம்பலாகும். சார்ல்ஸ் ஓ'ரியர் 1996இல் கலிபோர்னியாவில் படமெடுத்த, எக்ஸ்பியின் பின்னணியாக இருந்த பச்சைக் குன்றும் சேர்ந்து வெளுக்கும். நடுவே மஞ்சள், சிவப்பு, பச்சை என மூன்று பட்டன்கள். எதை அழுத்தினால் என்ன ஆகும் என்பதில் எழுத்து தெரியாதவருக்கும் ஐயம் எழவில்லை. அணைப்பதில் மனிதகுலம் தொட்ட உச்சம் இது என்று கொள்ள இடமுண்டு. இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாததால், அடுத்த பதிப்பில் ஒரு குழு அமைக்கப்பட்டது.

2007இல் கடைக்கு வந்த விஸ்டாவில், அணைக்கும் குறி போட்ட பட்டனை அழுத்தினால் கணினி அணையாது, தூங்கும். உண்மையில் அணைக்கப் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி, விரியும் பட்டியலில் தேட வேண்டும். பட்டியலோடு வெளியே உள்ள பொத்தான்களையும் சேர்த்தால் ஒரு மடிக்கணினியை நிறுத்த 15 வழிகள் என்று மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2006இல் எண்ணிக் காட்டினார். அந்த மெனுவில் வேலை பார்த்த மோய்ஷ் லெட்வின் உடனே பதில் எழுதினார். மறுப்பு எழுதுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அவர் கணக்குக் கொடுத்தார். நேரடியாகத் தொடர்புள்ளவர்கள் 24 பேர். மேலாளர்களையும் சேர்த்தால் அந்த மெனுவைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை உள்ளவர்கள் 43 பேர். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை ஓராண்டு நடந்தது. அந்த ஓராண்டில் அவர் எழுதியது சில நூறு வரி நிரல். 43 பேர் கூடி ஓராண்டு பேசினால் எந்த ஊரிலும் 15 வழிதான் பிறக்கும். குறைவாகப் பிறந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஒரு பத்தி என்று சொன்னது கடந்துவிட்டது. பொருள் பெரியதாகையால் தொடர்கிறது.

விண்டோஸ் 7இல் (2009 அக்டோபர் 22) பட்டனின் மேல் ஷட் டவுன் என்று எழுதியிருந்தது. அழுத்தினால் அணைந்தது. 2020 ஜனவரி 14இல் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது.

2012 அக்டோபர் 26இல் வந்த விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனே இல்லை. அணைக்க விரும்புபவர் மவுஸைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோய்ச் சும்மா வைத்திருக்க வேண்டும். ஒரு பட்டை மிதந்து வரும். மவுஸ் சற்றே விலகினால் வந்த வழியே போய்விடும். போகாமல் பிடித்துக்கொண்டால் அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். அணைப்பது ஏன் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுவரை தக்க விடை கிடைக்கவில்லை. தொடுதிரையில் விரலால் இழுப்பவர்களுக்கு அது வசதி என்று சொல்லப்பட்டது. கணினி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு விரல் இருந்தது, தொடுதிரை இல்லை. ஓராண்டு கழித்து 8.1இல் ஸ்டார்ட் பட்டன் திரும்ப வந்தது. அதில் வலது கிளிக் செய்தால் அணைக்கலாம். இடது கிளிக் செய்து வருகிற திரையிலும் ஒரு பவர் பட்டன் வேண்டும் என்பது 2014 ஏப்ரலில் வந்த புதுப்பிப்பின்போதுதான் தோன்றியிருக்கிறது.

ஆனால் விண்டோஸ் 8 செய்த பெரிய காரியம் கண்ணுக்குத் தெரியாதது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று வந்தது. இது செயல்படும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், திறந்திருந்த நிரல்கள் மூடப்படுகின்றன. விண்டோஸின் உட்கரு மட்டும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதிவைக்கப்படுகிறது. மறுநாள் அது அங்கிருந்து எழுகிறது. வேகமாகத் தொடங்க இதுவே காரணம். நேற்று இருந்த கோளாறு இன்றும் இருக்கவும் இதுவே காரணம். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் முழுதாக மூடித் திறக்கிறது. அதாவது அணைத்தால் அணையாது. மறுபடி தொடங்கினால்தான் அணையும். இரவெல்லாம் அணைத்துவைத்து, சுவர் ஸ்விட்சையும் நிறுத்திவிட்டுப் படுத்தவரிடம், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க என்று பழுது பார்ப்பவர் சொல்வது கிண்டல் அன்று, தொழில்நுட்பம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும் என்பதும் உண்மை. இது திரையில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. குரு முகமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

விண்டோஸ் 10இல் (2015 ஜூலை 29) பவர் பட்டன் ஸ்டார்ட் மெனுவுக்குத் திரும்பியது. கூடவே அப்டேட் செய்து அணை, அப்டேட் செய்து மறுபடி தொடங்கு என்ற விருப்பங்களும் இருந்தன. இவை எப்போதும் வராது. பேருந்துக்கு நேரமான அன்று வரும். நீலத் திரையில் சதவீதம் ஏறும். கணினியை அணைக்க வேண்டாம் என்று வாசகம் கெஞ்சும். பயனர் அணைக்க மாட்டார், மின்சாரம் போகும். இந்த மின்சாரத்துக்கு எந்தப் பதிப்பின் வாசகமும் படிக்கத் தெரியாது.

அப்டேட் செய்து அணை என்பதை நம்பித் தூங்கப்போனவர்களில் சிலர், விடியும்போது கணினி விழித்திருப்பதைக் கண்டார்கள். அணையாமல் மறுபடி தொடங்கியிருக்கிறது. தாம்தான் தவறாக அழுத்திவிட்டோம் என்று வீட்டில் வசவு வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. 2025 அக்டோபர் இறுதியில் விண்டோஸ் 11க்கு வந்த புதுப்பிப்பின் குறிப்பில், அப்படி அணையாமல் போகக் காரணமான கோளாறு சரிசெய்யப்பட்டதாக ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு வரி. வசவு திரும்பப் பெறப்பட்டதாகத் தகவல் இல்லை.

விண்டோஸ் 11 (2021 அக்டோபர் 5) ஸ்டார்ட் பட்டனை நடுவுக்குக் கொண்டுவந்தது. இடது மூலையில் இருந்தவரை கண்ணை மூடிக்கொண்டு மவுஸைத் தள்ளினாலும் போய்ச் சேரும். நடுவில் இருப்பது ஒவ்வொரு நிரல் திறக்கும்போதும் இடப்பக்கம் நகர்ந்துகொள்கிறது. செட்டிங்ஸில் போய் மூலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த வழி தெரிந்தவர் கணினி வாங்கிய முதல் நாளே அதைத்தான் செய்கிறார் என்பது, நடுவில் வைத்ததைப் பற்றிய போதுமான விமர்சனம்.

அணைக்கவே வேண்டாம், மூடியைச் சாத்தினால் போதும் என்போர் உளர். மூடினால் பழைய மடிக்கணினி தூங்கியது. இப்போதைய மாடல்கள் பலவற்றில் உள்ள மாடர்ன் ஸ்டாண்ட்பை ஒரு கண் திறந்த தூக்கம். மூடிய பிறகும் அஞ்சல் பார்க்கும், அப்டேட் தேடும். பைக்குள் வைத்த கணினி ஊர் போய்ச் சேரும்போது சூடாகவும், பேட்டரி காலியாகவும் இருப்பது இதனால்தான்.

எஞ்சியிருப்பது ஒரு முறை. கணினியின் பவர் பொத்தானை நான்கு விநாடிக்கு மேல், சில மடிக்கணினிகளில் இன்னும் சற்று அதிகமாக, அழுத்திப் பிடிப்பது. இதற்கு மெனு கிடையாது. 43 பேர் கூடி இதை மேம்படுத்தவும் இல்லை. எக்ஸ்பியிலும் அணையும், பதினொன்றிலும் அணையும். சேமிக்காத கோப்பு போய்விடும்.