75 வருசத் திட்டமும் ஒரு ஓட்டைத் திருடனும்

ஏலே பேராண்டி, ராத்திரி சோத்தத் தின்னுட்டு அந்தப் பெரிய டிவி முன்னால உக்காந்தேன்னா ஒரு மணி நேரம் ரிமோட்டத்தான் அமுக்கிக்கிட்டு இருக்க. மேல போற, கீழ வார, முன்னோட்டம் பாக்குத, எத்தனை நட்சத்திரம்னு எண்ணுத, பொறவு கொட்டாவி விட்டுட்டுப் படுக்கப் போயிருத. பொண்ணு பாக்கப் போன எடத்துல பஜ்ஜியத் தின்னுட்டு வீடு திரும்புற பய மாதிரி. ஒனக்குப் படம் பாத்துக் குடுக்கதுக்கே சம்பளத்துக்கு ஆள் வைக்கணும் போலிருக்கு. நான் ஒரு படம் சொல்லுதேன், கேளு. கேக்காட்டியும் சொல்லுவேன், அது வேற.

படத்துக்குப் பேரு 'பாட்டில் ராக்கெட்'. 1996-ல அமெரிக்காவுல வந்துது, வந்த வேகத்துல பெட்டிக்குள்ள போயிருச்சு. வெஸ் ஆண்டர்சன்னு பேரச் சொன்னாலே நீ கண்ண மூடிக்கிட்டு 'கிராண்ட் புடாபெஸ்ட் ஓட்டல்', இளஞ்சிவப்பு, நட்டநடுவுல ஃபிரேமுன்னு அளக்க ஆரம்பிச்சிருவியே, அந்த மனுசனோட மொதப் படம் இதுதாம்லே. தெரியாதுல்லா? எப்படித் தெரியும், அதுக்கு நட்சத்திரம் கம்மி.

உங்க மாமன் அமெரிக்காவுல இருந்து வந்தப்போ விட்டுட்டுப் போன பெட்டியில இந்தத் தட்டு கெடந்துது. அந்த ஊருத் தட்டு நம்ம ஊரு பிளேயர்ல பாடாதுன்னு பய சொல்லிட்டுப் போனான். நம்ம வீட்டு பழைய சைனா பிளேயருக்கு அந்தச் சாதி வித்தியாசமெல்லாம் ஆரும் சொல்லிக் குடுக்கல, பாடிருச்சு.

கதைய மொத்தமாச் சொல்ல மாட்டேன், ருசிக்குக் கொஞ்சம். அந்தோணின்னு ஒரு பய. மனசு சோர்ந்துபோய் அரிசோனாவுல ஒரு ஆசுபத்திரியில தானாப் போய்ச் சேந்திருக்கான். தானா வந்தவன் தானாப் போகலாம், வாசக்கதவு தெறந்துதான் கெடக்கு. ஆனா அவன் கூட்டாளி டிக்னன் வெளிய புதருக்குள்ள பதுங்கி இருந்து பறவ மாதிரி சத்தம் குடுத்துக்கிட்டிருக்கான். இவன தப்பிக்க வைக்கப் போறானாம்! அந்தோணி என்ன செய்யுதான் தெரியுமா? 'லேய், கதவு தெறந்திருக்கு, உள்ள வாலே'ன்னு சொல்லல. படுக்கை விரிப்ப முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியா எறங்குதான். டாக்டரு பாத்துட்டுக் கேக்காரு, இவன் சொல்லுதான்: கூட்டாளி ஆசையா ஏற்பாடு பண்ணிட்டான், அவன் மனசு நோகக் கூடாது. படத்தோட உசுரே அந்த ஜன்னல்ல தொங்குது, கேட்டியா.

பொறவு பஸ்ல வரும்போது டிக்னன் ஒரு நோட்டை எடுத்து நீட்டுதான். அதுல அவன் கையால எழுதுன திட்டம், ரெண்டு பேரோட வாழ்க்கைக்கும். எத்தனை வருசத்துக்குங்க? 75 வருசத்துக்கு! இப்போ எதுக்குலே முழிக்க? நீ கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வச்சிருக்கியே, 28-ல கலியாணம், 30-ல வீடு, 35-ல வேலைய விட்டுட்டு மலையேத்தம்னு, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உங்க அம்மா எனக்குக் காட்டிட்டா. டிக்னனாவது அவன் திட்டத்துல கூட்டாளிக்கு எடம் வச்சிருந்தான். ஒன் கட்டத்துல வீட்டுக்கடன் வட்டிக்கு எடம் இருக்கு, கட்டிக்கிடப் போறவ பேருக்கு எடத்தக் காணும்.

அந்தத் திட்டப்படி மொதத் திருட்டு எங்கன்னா, அந்தோணியோட சொந்த அப்பன் வீட்டுலயே. ஒத்திகையாம்! எத எடுக்கலாம், எதத் தொடக் கூடாதுன்னு பட்டியல் வேற. திருடப் போன எடத்துல அந்தோணி அலமாரியில வரிசையா நிக்க பொம்மைச் சிப்பாய்ல ஒண்ணு சரியில்லன்னு அத நிமித்தி வச்சிட்டு வாரான். வெளிய வந்தா சண்டை. அந்தோணி அவன் அம்மைக்கு வாங்கிக் குடுத்த கம்மல டிக்னன் எடுத்துட்டான், அது பட்டியல்ல இல்ல. அடுத்தது ஒரு புத்தகக்கடை. மூக்குல ஒரு ஒட்டுத்துணிய ஒட்டிக்கிட்டா அதுதான் டிக்னனுக்கு மாறுவேசம். பணத்தப் போடுத பை சின்னதா இருக்குன்னு கடைக்காரன்கிட்டயே பெரிய பை கேக்கான், அகராதி வாங்குனா போட்டுத் தருவியளே அது மாதிரி. நான் சிரிச்ச சிரிப்புல புரையேறி உங்க ஆச்சி வந்து முதுகுல அடிச்சா.

இந்த எடத்துலதான் தியேட்டர்ல படம் தோத்ததுன்னு நான் நெனைக்கேன். கொள்ளைப் படம்னு உள்ள வந்தவனுக்குக் கொள்ளை சரியா நடக்கணும். சிரிப்புப் படம்னு வந்தவனுக்கு எங்க சிரிக்கணும்னு மேளம் தட்டிச் சொல்லணும். இந்தப் படம் ரெண்டையும் செய்யாது. அந்தப் பயலுவ மொகத்த இறுக்கமா வச்சுக்கிட்டு பைத்தியக்காரத்தனம் பண்ணுவானுவ, படமும் அவனுவ கூட சேந்து மொகத்த இறுக்கமா வச்சுக்கிடும். ரிலீசுக்கு முந்தி ஆளக் கூட்டி ஓட்டிக் காட்டுன காட்சியிலேயே சனங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. புதுப் பயலுவள தூக்கி விடுதோம்னு சொல்லுத சன்டான்ஸ் விழாக்காரங்களும் இத எடுத்துக்கிடல. அரைக்கோடி டாலருக்குக் கொறையாம செலவாச்சு, வசூலு ஆறு லட்சம்கூட தேறல. டிக்னனா நடிச்ச ஓவன் வில்சன் சினிமாவே வேண்டாம், பட்டாளத்துல சேந்திரலாம்னு யோசிச்சானாம்.

அந்த ஓவனும் ஆண்டர்சனும் ஆஸ்டின்ல டெக்சஸ் பல்கலைக்கழகத்துல ஒண்ணாப் படிச்சவனுவ, சேந்து எழுதுன கதை. அந்தோணியா வாரவன் ஓவனோட தம்பி லூக். அவனுவ அண்ணன் ஆண்ட்ரூவும் படத்துல உண்டு. மொதல்ல இத 13 நிமிசத்துல கருப்பு வெள்ளையில குறும்படமா எடுத்தானுவ. அது கைமாறி கைமாறி ஜேம்ஸ் எல். புரூக்ஸ்ங்க பெரிய கைகிட்டப் போய்ச் சேந்துது. அவரு கொலம்பியா கம்பெனிகிட்ட இருந்து பணம் வாங்கிக் குடுத்தாரு. அதனால சுயேச்சைப் படம்னு சொன்னா சட்டம் பேசுதவன் மொனங்குவான். மொனங்கட்டும். காசு கம்பெனியோடது, சரக்கு வீட்டுச் சரக்கு.

இப்போ காதலுக்கு வருவோம், நீ அதுக்குத்தான காத்திருக்க. புத்தகக்கடை பணத்தோட ஒரு மோட்டல்ல பதுங்குதானுவ. அந்தோணி நீச்சல்குளத்துல தண்ணிக்குள்ள இருந்து தலையத் தூக்குதான், அங்கன துணி வண்டியத் தள்ளிக்கிட்டு ஒரு பொண்ணு போறா. இனெஸ்னு பேரு, பராகுவே நாட்டுக்காரி, ரூம் சுத்தம் பண்ணுத வேலை. நடிச்சவ மெக்சிகோக்காரி லூமி கவாசோஸ். அவளுக்கு இங்கிலீசு தெரியாது, இவனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. இவன் என்ன கவிதையா எழுதுனான்? அவ பின்னாலயே போய் ரூம் ரூமா விரிப்பு மாத்த ஒத்தாசை பண்ணுதான். பாத்துக்க மக்கா, விரிப்பு மடிக்கத் தெரிஞ்ச பயலுக்குப் பொண்ணு கெடைக்குது. நீ படுத்து எந்திரிச்ச பாயச் சுருட்டி எத்தனை நாளாச்சு?

எனக்கு அந்தப் பகுதி மட்டும் சப்டைட்டில் இல்லாமலே விளங்கிச்சு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசும் அந்தோணிக்குத் தெரிஞ்ச ஸ்பானிசும் ஒரே தராசுதான். பாத்திரம் கழுவுத ஒரு பையன் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கான். அவ ஆசையச் சொல்லி அனுப்புனா, அந்தச் சேதி டிக்னன் காதுல விழுந்து என்ன கோலமாச்சுங்கத நீயே பாரு. கிளம்பும்போது அந்தோணி ஒரு கவர டிக்னன் கையில குடுத்து அவகிட்டக் குடுத்திருன்னு சொல்லுதான். உள்ள 500 டாலரு. கொண்டுபோய்க் குடுக்கவனுக்கே அது தெரியாது. கொள்ளையடிச்ச பணத்துல பெரும்பங்க, கொள்ளைக்காரன் கையாலேயே, வேலைக்காரப் பொண்ணுக்குச் சேத்துட்டான் பய! அது வெளிய தெரியும்போது நடக்க சண்டையப் பாரு, அதுல நான் டிக்னன் பக்கம்தான். அவனுக்குப் பணம் பெருசில்ல, தன்னக் கேக்காமப் பண்ணிட்டானேன்னுதான் வயிறு எரியுது.

கடைசியில பெரிய கொள்ளை, ஒரு குளிர்பதனக் கிடங்குல. தலைவரு மிஸ்டர் ஹென்றி, அதா 'காட்ஃபாதர்'ல சன்னியா வந்த ஜேம்ஸ் கானு. வெளிய தோட்ட வேலைக் கம்பெனி, உள்ள திருட்டு. பயலுவ எல்லாம் மஞ்சள் உடுப்பு மாட்டிக்கிட்டு எறங்குதானுவ. பெட்டகம் உடைக்க ஒரு நிபுணர் வாராரு, பேரு குமார். நம்ம நாட்டு மனுசன், இந்தூர்ல பொறந்த குமார் பல்லானா. தட்டைக் கம்பு மேல சுழத்துத வித்தைக்காரரா ஊர் ஊராச் சுத்திட்டு, டல்லாஸ்ல மவனோட 'காஸ்மிக் கப்'னு காப்பிக்கடை வச்சிருந்தாரு. ஆண்டர்சனும் ஓவனும் அந்தக் கடைக்குக் காப்பி குடிக்கப் போன பயலுவ, அப்படியே படத்துக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டானுவ. 70 வயசு தாண்டுன பொறவு இதுல நடிச்சவரு! 94 வயசுல, 2013-ல காலமாயிட்டாரு. பெட்டகத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு, கை மறந்துபோச்சுன்னு அவரு சொல்லுத அழகப் பாக்கணும். மொதல்ல ஒனக்குக் கைன்னு ஒண்ணு இருந்துதான்னு டிக்னன் திருப்பிக் கேக்கான். வயசானவனுக்கு மரியாதை எல்லா ஊர்லயும் இந்த லட்சணம்தான்.

இவனுவ அங்கன ஐஸ் பொட்டிக்கு நடுவுல ஓடிக்கிட்டு இருக்கும்போது மிஸ்டர் ஹென்றி எங்க இருந்தாருன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க ஆபீஸ்ல, 'நீ முன்னால போ தம்பி, நான் பின்னால இருக்கேன்'னு முதுகத் தட்டிக் குடுக்காரே ஒரு மேனேஜரு, அவர நெனச்சுக்கிட்டே பாரு.

தோத்த படத்தத் தூக்குனது வீட்டு டிவிதான்லே. எங்க காலத்துல வீடியோ டெக்க வாடகைக்கு எடுத்தா விடிய விடிய மூணு படம். ரெண்டு நாம கேட்டது, மூணாவது கடைக்காரன் தலையில கட்டுனது. நாலு மணிக்கு அரைத்தூக்கத்துல பாத்த அந்த மூணாவதுதான் மனசுல நிக்கும். 'பாட்டில் ராக்கெட்' அப்படிப்பட்ட மூணாவது படம். மொதத் தடவ பாக்கும்போது கதை எங்கன போகுதுன்னு முழிப்ப. ரெண்டாம் தடவ அது எங்கயும் போகாதுன்னு தெரிஞ்ச பொறவு, அந்த மொகங்களப் பாத்துச் சிரிப்ப. தியேட்டர்ல எவன் ரெண்டாம் தடவ காசு குடுப்பான்? கேசட்டுலயும் தட்டுலயும் பாத்தவனுவதான் அத ஒருத்தனுக்கொருத்தன் கைமாத்துனானுவ. 2000-ல மார்ட்டின் ஸ்கார்செசியே 90-கள்ல தனக்குப் புடிச்ச பத்துப் படத்துல இதயும் சேத்துச் சொன்னாரு. திருடங்களப் பத்திப் படம் எடுக்க அவருக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா? 2008-ல கிரைட்டீரியன் கம்பெனி, அந்தப் பழைய குறும்படத்தயும் கூட வச்சுத் தட்டாப் போட்டுது. அதுதான் நம்ம அலமாரியில கெடக்கு.

குறும்படத்தப் பொறவு பாரு, மொதல்ல பாத்தா ருசி கெட்டுரும். செல்போன அடுத்த ரூம்ல போடு. இன்னொண்ணு, உங்க ஆச்சிகிட்டத் திருட்டுப் படம்னு வாயத் தொறந்துராதே, எந்திரிச்சுப் போயிருவா. காதல் படம்னு சொல்லு, உக்காந்துருவா. அவ உக்காந்துட்டா இடைவேளைக்குக் காப்பி போட ஆள் கெடையாது, அது ஒன் பொறுப்பு. எனக்குச் சீனி கம்மியா.