மூன்று மாதச் சராசரி

செவ்வாய்க்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சனி, ஞாயிறு மதுரையில் இருப்பேன் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் என் மனைவி ஒருத்திதான். எழும்பூருக்கு ஆட்டோ ஏறும்போது, "பார்த்து" என்றாள். படிக்கட்டைப் பார்த்து என்று அதற்குப் பொருளில்லை.

31 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். சராசரி என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டாக்டர் கேட்டிருப்பது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. 90 நாளில் 2 நாள். நூற்றுக்கு இரண்டேகால்கூட வராது. மீதி 88 நாளும் கேழ்வரகும் கீரையுமாக வாழ்ந்த உத்தமன் நான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் மேல் படுக்கையில் படுத்தபடி இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். விழுப்புரம் வருவதற்குள் மனசாட்சி தூங்கிவிட்டது.

மதுரையில் எனக்கு மூன்று சிநேகிதர்கள். கல்லூரி விடுதியில் ஒரே சோப்பில் குளித்தவர்கள். ஒருவன் வக்கீல், 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கே வந்துவிட்டதால், அவனுக்குச் சென்னைக்கு வரக் காரணமே இல்லாமல் போயிற்று. இன்னொருவனுக்கு மருந்துக்கடை. மூன்றாமவன் ஓய்வுபெற்ற வாத்தியார். அரசியல், கிரிக்கெட், சம்பந்தி வீட்டுச் சங்கதி எதிலும் சண்டை வராது. சாப்பாட்டுக் கடை என்று வந்துவிட்டால் மட்டும் ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்கமாட்டான்.

சனிக்கிழமை விடிகாலை வக்கீல் வந்து ஏற்றிக்கொண்டு போனான். வீட்டுவாசலில் அவன் மனைவி, "வாங்கண்ணே. சும்மா ரெண்டு இட்லிதான் வச்சேன்" என்றாள். தட்டில் ஆறு இருந்தன. மதுரையில் 'ரெண்டு' என்பது எண் அல்ல, மரியாதை. சட்னி நாலு, சாம்பார் தனி. "ஓட்டல்ல தின்னு உடம்பக் கெடுத்துக்காதீக" என்று சொல்லிக்கொண்டே ஏழாவதை வைத்தாள். கைகழுவும் இடத்தில் வக்கீல் காதோரம் குனிந்து, "மதியத்துக்கு மெஸ்ஸுல சொல்லிட்டேன் மாப்ள. இவகிட்ட மூச்சு விடாத" என்றான்.

மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு. விரல் நீளம்கூட இல்லாத மீன். சமைக்கும் முன் அதை உயிரோடு பாலில் விடுவார்கள், வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கட்டும் என்று. சாகப்போகிற மீனுக்கே பால் வார்த்து அனுப்புகிற ஊரில், உயிரோடு வந்திறங்கிய விருந்தாளியை விடுவார்களா? "அண்ணே, சுக்கா ஒரு கரண்டி?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாலரைக்கு விளக்குத்தூண் பக்கம் மருந்துக்கடை காத்திருந்தான். ஜிகர்தண்டா. ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், கொழகொழவென்று ஒரு பிசின், மேலே ஐஸ்கிரீம். அந்தக் கொழகொழ எது என்பதில் ஆரம்பித்தது வழக்கு. வக்கீல் கடல்பாசி என்றான். மருந்துக்கடை, பாதாம் பிசின்தான், கடல்பாசி போடுகிறவன் கலப்படக்காரன் என்றான். வாதி, பிரதிவாதி இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் ஒரு கடையா? அடுத்த தெருவுல ஒருத்தன் இருக்கான், வா" என்று வக்கீல் கையைப் பிடித்து இழுத்தான். அங்கேயும் ஒரு டம்ளர். முதல் கடையில் "இதுதான்டா அசல்" என்று சொல்லியிருந்தேன். இங்கேயும் அதையே சொன்னேன். இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தைரியம் வந்து என் சராசரிக் கணக்கை மருந்துக்கடையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ள, அது அப்பிடி இல்ல. மூணு மாசம்னு பேருதான். கடைசி ஒரு மாசத்துக்குத்தான் அதுல கனம் சாஸ்தி" என்றான். அப்போது டம்ளரின் அடியில் பிசின் மட்டும் பாக்கி. ஈரல் குளிர்ந்திருந்தது. கணையத்தின் நிலைமைதான் தெரியவில்லை.

"சொல்றதை முதல் டம்ளருக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே."

செரிக்கட்டும் என்று மாசி வீதிகளில் நடந்தோம். சித்திரையில் ஓடும் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று வக்கீல் விளக்கினான். மீனாட்சி கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில்தான் நடந்ததாம்; திருமலை நாயக்கர்தான் அழகர் திருவிழாவோடு சேர்த்துச் சித்திரைக்கு மாற்றினாராம். ஆனால் ஊர்க் கதையில் அழகர் தங்கச்சி கல்யாணத்துக்குப் பிந்தித்தான் வருகிறார். கோபித்துக்கொண்டு வண்டியூரோடு திரும்பிவிடுகிறார். கல்யாண வீட்டில் வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பிய அந்தக் குற்ற உணர்ச்சி இந்த ஊருக்கு இன்னும் தீரவில்லை என்று நினைக்கிறேன். வட்டியும் முதலுமாக என் தலையில்தான் தீர்க்கிறார்கள்.

நடை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் சிம்மக்கல். கறி தோசை. ஊத்தப்பம் போலத் தடிமனாக வார்த்து, முட்டையை உடைத்து ஊற்றி, கொத்துக்கறி மசாலாவைப் பரப்பி, எண்ணெயைச் சுற்றி விட்டுத் திருப்பிப் போடுகிறார்கள். திருப்பும்போது வரும் அந்தச் 'சொய்ங்' சத்தத்துக்கு முன்னால் எந்த டாக்டரின் குரலும் எடுபடாது. ராத்திரி பதினொன்றரைக்கு வாத்தியாரும் சேர்ந்துகொண்டான், அவனுடைய கடையைக் காட்ட. பன் பரோட்டா, சால்னா. பசிக்கிறதா என்று மூவரில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி மதுரையில் இருப்பதாகவே தெரியவில்லை. தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. இவ்வளவையும் தின்றுவிட்டு எவன் தூங்குவான்?

ஞாயிறு காலை வாத்தியார் நடைப்பயிற்சிக்கு அழைத்தான். தெப்பக்குளத்தைச் சுற்றி வேகமாக ஒரு சுற்று. இந்தக் குளத்து மண்ணைத் தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தாராம். சதுர்த்திக்கு அவருக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. ஊரின் அளவே அப்படி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது சுற்றில் வாத்தியாரின் கால்கள் தாமாக ஒரு தள்ளுவண்டி முன் நின்றன. பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது. கஞ்சிபோலக் கெட்டியாக, சுடச்சுட இருந்தது. அவனுக்கும் சர்க்கரை உண்டு.

"பருத்திக்கொட்டை உடம்புக்கு நல்லதுடா" என்றான்.

"வெல்லம்?"

வாத்தியார் குளத்தைப் பார்த்தான். "இது நமக்குள்ள இருக்கட்டும்."

மதியம் மருந்துக்கடை வீட்டில் விருந்து. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போதும் தெம்பில்லை.

மூன்று வீட்டு அம்மாக்களும் என் மனைவியும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள் என்பது திங்கள் காலை தாம்பரத்தில்தான் ஞாபகம் வந்தது. மல்லிகைப் பொட்டலத்தை முன்னால் நீட்டியபடி வீட்டுக்குள் நுழைந்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லி."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தாள். தேதி, நேரம், அயிட்டம், எண்ணிக்கை. வக்கீல் வீட்டு இட்லி ஏழு. மெஸ் சுக்கா. ஜிகர்தண்டா இரண்டு. கறி தோசை. பன் பரோட்டா நாலு. நான் மூன்று என்று நினைத்திருந்தேன். ரகசியமாகத் தின்றதையெல்லாம் மூன்று ஆண்களும் ராத்திரியே வீட்டில் உளறியிருக்கிறார்கள், ஒவ்வொருவனும் தன் கடையின் பெருமையைச் சொல்வதற்காக. எங்கள் மண்டலத் தணிக்கைக்காரர்கூட இவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை.

"அவ்வளவுதானா? வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

நான் வேலையில் இருந்த நாளில், ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து தேடியிருக்கிறோம். மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஞாயிறு காலை ஆறே முக்கால், தெப்பக்குளம், ஒரு டம்ளர், அது வரவில்லை. வாத்தியார் வாக்கு மாறாதவன்.

"சரியா இருக்கு" என்றேன்.