அட்டைத்தொகை ஆராய்ச்சி: கடல்கோளுக்கு முன்னும் பின்னும்

சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணி 1908ல் உலகத் தொடரை வென்றது. அடுத்து வென்றது 2016ல். இடைப்பட்ட 108 ஆண்டுகளில் அந்த அணியின் ரசிகர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள் என்ற வினாவை அறிஞர் உலகம் சரியாக எடுத்துக்கொண்டதில்லை. அட்டை சேர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுப் பொருளை வரையறுப்பது மரபு. பேஸ்பால் அட்டை என்பது இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உடையது; 1957 முதல் இதுவே அளவு. முகத்தில் ஆட்டக்காரரின் படம், முதுகில் பொடி எழுத்தில் அவர் அடித்தது, ஓடியது, கோட்டைவிட்டது எல்லாம் இருக்கும். இதைச் சேர்ப்போர் இரு வகையினர். விலை பார்த்துச் சேர்ப்பவர்களைப் பொருளியல் துறைக்குத் தள்ளிவிடுவோம். தன் அணியை மட்டும் சேர்ப்பவரே நமக்கு உரியவர். அட்டையில் இருப்பவர் கெட்டிக்காரரா, கையில் வந்த பந்தை நழுவவிடுபவரா என்பதெல்லாம் இவருக்குப் பொருட்டல்ல. கப்ஸ்காரனா? உள்ளே வா.

இக்கொள்கையால் வரும் சிக்கனத்தை உலகம் உணரவில்லை. 2022ல் ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே ஆண்டு மிக்கி மாண்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. வாக்னர் பிட்ஸ்பர்க் அணிக்காரர். மாண்டில் நியூயார்க் யாங்கீஸ். எனவே கப்ஸ் தொகுப்பாளருக்கு இரண்டும் வேண்டாம். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அவர் மிச்சப்படுத்தியது 1 கோடியே 98 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வீட்டில் இந்தக் கணக்கு எடுபடுவதில்லை என்பது வேறு விஷயம்.

சங்கம் மூன்று என்பது நமக்குப் பழகிய கணக்கு. அட்டை வரலாறும் அதில் வசதியாக உட்காருகிறது.

முதற்சங்கம் புகையிலைச் சங்கம். சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த அட்டையில் ஆட்டக்காரர் படத்தை அச்சடித்தார்கள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசை இதன் உச்சம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள். அதை டி206 என்று உலகம் அழைக்கக் காரணமானவர் சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக். சிதறிக் கிடந்த அட்டைகளைத் தேடித் தொகுத்து, வகைப்படுத்தி, எண் கொடுத்த பதிப்பாசிரியர் அவர். கடைசியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களையும் அட்டைகளையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூட்டுவாதத்தில் விரல்கள் முடங்கிய நிலையில் தானே போய் உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். ஒட்டும் வேலை 1963 ஜனவரியில் முடிந்தது. மார்ச்சில் காலமானார்.

முதற்சங்கத்தில்தான் கப்ஸின் பொற்காலம் பதிவாகியிருக்கிறது. 1908ல் வென்ற டிங்கர், எவர்ஸ், சான்ஸ் மூவரும் டி206ல் இருக்கிறார்கள். இங்கே பாடபேதச் சிக்கல் எழுகிறது. மூன்று விரல் பிரவுன் என்று பெயர் பெற்ற மார்டிகாய் பிரவுனுக்கு மூன்று அட்டைகள். ஒன்றில் சட்டையில் ‘சிகாகோ’ என்றிருக்கிறது. இன்னொன்றில் ‘கப்ஸ்’ என்றிருக்கிறது. மூன்றாவது மார்பளவுப் படம். மூலபாடம் எது என்று கேட்பவர் தொகுப்பாளர் அல்லர். மூன்றையும் வாங்குபவரே தொகுப்பாளர். டிங்கருக்கு நான்கு: மட்டை தோளில் ஒன்று, மட்டை தோளைவிட்டு விலகி ஒன்று, கைகள் முழங்காலில் ஒன்று, மார்பளவு ஒன்று. அந்த மட்டை நகர்ந்த அரை அடிக்காக நூறாண்டு கழித்தும் ஒருவர் தனியாகப் பணம் எடுத்துவைக்கிறார்.

இடைச்சங்கம் பபுள் கம் சங்கம். இதன் தலைமைப் புலவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த டாப்ஸ் நிறுவனம். ஐந்தாறு அட்டையும், மாவு தூவிய ஒரு கம் துண்டும் ஒரு பாக்கெட். கம் ஒட்டிய அட்டையில் கறை விழும். நல்ல அட்டைதான் கம்மை ஒட்டி இருக்கும் என்பது அனுபவஸ்தர்கள் கண்ட விதி. இந்தக் கம் விவகாரத்தில் கப்ஸ் ரசிகனின் நிலைமை தனி. அவனுடைய அணியின் முதலாளிகள் 1921 முதல் 1981 வரை ரிக்லி குடும்பத்தார். உலகத்துக்கே சூயிங் கம் விற்றவர்கள். ஆனால் சிகாகோ சிறுவன் தன் அணியின் முகங்களைப் பார்க்க இடைச்சங்கத்தில் பெரும்பாலும் புரூக்ளின்காரனின் கம்மைத்தான் மெல்ல வேண்டியிருந்தது.

சங்கம் என்றால் கடல்கோள் வேண்டும். அதுவும் உண்டு. 1952ல் டாப்ஸ் வெளியிட்ட வரிசையின் கடைசிப் பகுதி, 311 முதல் 407 வரையிலான எண்கள், சீசன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் விற்காமல் கிடங்கில் தேங்கியது. எட்டு ஆண்டு அடைந்து கிடந்ததை, வரிசையை வடிவமைத்த சை பெர்கரே 1960ல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் நியூஜெர்சிக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டினார். 311ஆம் எண் யார் என்றால், மேலே சொன்ன மிக்கி மாண்டில். தென்மதுரையைக் கடல்கொண்டதற்கு உரையாசிரியர் வாக்கு ஒன்றே சான்று. இங்கே சான்று சொன்னவர் கொட்டியவரே. அவ்வகையில் நியூஜெர்சிக் கடல்கோள் ஒரு படி மேல்.

இனி நம் கருதுகோள். ஒரு வரிசையில் ஓர் அணிக்கு இருபத்தைந்து, முப்பது அட்டைகள் வரும். பள்ளிக்கூட வாசலில் மாற்றிக்கொண்டால் கோடை முடிவதற்குள் அணி முழுதும் சேர்ந்துவிடும். அணி எதையும் முடிக்கவில்லை. ரசிகன் ஆண்டுதோறும் முடித்தான். எர்னி பேங்க்ஸைப் பாருங்கள். 19 சீசன் கப்ஸுக்கு மட்டுமே ஆடி 512 ஹோம் ரன் அடித்தவர், உலகத் தொடரில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. ஆனால் 1954 முதல் 1971 வரை ஆண்டு தவறாமல் அவர் அட்டை வந்தது. கோப்பை வராத வீட்டில் பேங்க்ஸ் வந்தார்.

கொள்கையின் கடுமையை அறிய 1964ஆம் ஆண்டு வரிசை ஒன்று போதும். அதில் 29ஆம் எண் லூ புராக், கப்ஸ் சீருடையில். வசந்தத்தில் அட்டையை வாங்கி வைத்த பையன் ஜூன் 15 அன்று செய்தி கேட்டான்: புராக்கை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்து, எர்னி பிராக்லியோ என்ற பிட்சரை வாங்கிவிட்டார்கள். அந்த ஆண்டே கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. புராக் தன் காலத்தில் 938 பேஸ் திருடிச் சாதனை படைத்தார். பிராக்லியோ கப்ஸுக்கு வென்று கொடுத்தது மொத்தம் ஏழு ஆட்டம். கொள்கையின்படி 1965ல் தொகுப்பாளர் வாங்க வேண்டியது பிராக்லியோவை. வாங்கக் கூடாதது புராக்கை. வாங்கினார், வாங்கவில்லை. கற்புக்கு இதைவிடப் பெரிய சோதனையை வேறு இலக்கியத்தில் நான் கண்டதில்லை.

அதே வரிசையில் 550ஆம் எண் கென் ஹப்ஸ். 1962ன் சிறந்த புதுமுகமாகத் தேர்வான கப்ஸ் இளைஞர். விமானப் பயணம் என்றாலே பயந்தவர், அந்தப் பயம் போக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1964 பிப்ரவரியில் தானே ஓட்டிய சிறு விமானம் யூட்டாவில் விழுந்ததில் இறந்தார். வயது 22. டாப்ஸ் அவர் அட்டையை நினைவஞ்சலியாக வெளியிட்டது. கம்மோடு சேர்த்துச் சிறுவர்களுக்கு மரணத்தையும் கொடுத்த அட்டை அது. தொகுப்பாளர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் இதை மாற்றிக்கொள்ள யாரும் எளிதில் இசைவதுமில்லை.

எந்த அணி என்பதிலேயே குழப்பம் வந்ததும் உண்டு. 1974ல் சான் டியாகோ பாட்ரெஸ் அணி வாஷிங்டனுக்குக் குடிபெயரும் என்று நம்பி, டாப்ஸ் சில அட்டைகளில் ஊரை மாற்றி அச்சடித்துவிட்டது. மெக்டொனால்ட்ஸ் அதிபர் ரே கிராக் அணியை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார். பிறக்காத அணியின் அட்டைகள் இன்றும் உலவுகின்றன. அவற்றை எந்த அணி ரசிகர் சேர்ப்பது என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரியது.

கடைச்சங்கம் பிளாஸ்டிக் சங்கம். டாப்ஸின் ஏகபோகம் நீதிமன்றத்தில் உடைந்து, 1981ல் ஃப்ளீரும் டான்ரஸும் நுழைந்தன. 1989க்குள் ஸ்கோர், அப்பர் டெக் சேர்ந்து ஐந்தாயின. கப்ஸ் ஆட்டக்காரர் ரைன் சாண்ட்பெர்க் ஒருவரையே ஐந்து கடையில் வாங்க வேண்டிய நிலை. கம் ஒழிந்தது. பிறகு 1990களின் பிற்பகுதியில், உலகத்தில் ஒன்றே ஒன்று என்று முத்திரை குத்திய அட்டைகளும் வந்தன. அத்தோடு அணியின் எல்லா அட்டையையும் சேர்த்து முடிப்பது மனித முயற்சிக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. கவனியுங்கள்: சேர்த்து முடிக்க முடிந்த காலமெல்லாம் கப்ஸ் தோற்றது, முடிக்கவே முடியாது என்றான பின், 2016 நவம்பரில், கிளீவ்லாந்தில் ஏழாவது ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸில் வென்றது. இதைத் தற்செயல் என்பவர்களோடு வாதிட விருப்பமில்லை.

எஞ்சியிருப்பது அம்மாக்கள். பழைய அட்டைகளை அரிதாக்கியதில் அட்லாண்டிக்குக்குப் பங்கு சிறிது. பையன் கல்லூரிக்குப் போனதும் அறையைச் சுத்தம் செய்த அம்மாக்களுக்கே பெரும்பங்கு. பழைய அட்டைக்கு விலை உண்டு என்று 1980களில் செய்தி பரவியதும் யாரும் எதையும் எறியவில்லை. நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. அக்காலத்துப் பெட்டிகள் இன்று பரண் பரணாகக் கிடக்கின்றன, கேட்பாரில்லை. ஆகவே அமெரிக்க அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். 1988ஆம் ஆண்டுப் பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால், துறையின் நலன் கருதி, தயவுசெய்து எறிந்துவிடுங்கள். எறிவதற்கு முன் கப்ஸ் அட்டைகளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.